திராமனின் வலது காது

1

போன சனிக்கிழமை ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லோறென்ஸ்கூக்கில் ஒரு சாமத்திய வீடு, பிள்ளை பெரியவளான சடங்கு. மண்டபத்தின் மூலையில் நான் லென்ஸை மாட்டிக்கொண்டிருந்தபோது பிள்ளையின் தாய் கிட்ட வந்தார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணை, பிள்ளை கொஞ்சம் நிறம் குறைவு. வழமையா நீங்கள் செய்யிற மாதிரி ஒருக்கா வெளிறப் பண்ணிவிடுங்கோ. நெத்தியில பருவும் கிடக்கு.”

“இல்லைத் தங்கச்சி, இப்ப நான் அது செய்யிறேல்லை.”

“ஏன், கொம்பியூட்டர் பழுதோ?”

“கொம்பியூட்டர் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் மனம் மாறிப்போச்சு.”

அவர் போய்க் கணவரிடம் சொன்னார். கணவர் வந்து என் தோளில் கை வைத்து, “அண்ணைக்கு உடம்புக்கு ஒண்டும் இல்லையே?” என்று கேட்டார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார். ஒஸ்லோவிலும் திராமனிலும் நான் எடுத்த விழாப் படங்களில் கறுத்த பிள்ளை என்று ஒன்றுகூடக் கிடையாது. எல்லாரையும் பால்கோவா நிறத்துக்குக் கொண்டுவந்து விடுவேன். அதுதான் என் தொழிலுக்குக் கிடைத்த நற்பெயர். அந்தப் பெயரை நானே கெடுத்துக்கொள்வதைக் கண்டால் யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் ஆபிரிக்காவில் உள்ள ஒரு நாய் என்று மண்டபத்தில் சொல்ல முடியாது. ஊரில் இருக்கிற உங்களுக்கு ஆறுதலாகச் சொல்கிறேன்.

2

வார நாட்களில் நான் பஸ் ஓட்டுகிறேன். சனி, ஞாயிறில் கல்யாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று படம் எடுக்கிறேன். இரண்டில் எது தொழில், எது பொழுதுபோக்கு என்று கேட்டால் வரித் திணைக்களத்துக்கு ஒரு பதிலும் எனக்கு ஒரு பதிலும் இருக்கிறது.

ஊரில் சுன்னாகத்தில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்தேன். அப்போது கொம்பியூட்டர் ஏது? நெகட்டிவைக் கண்ணாடி மேசையில் வைத்து, கூரான பென்சிலால் பருவையும் வடுவையும் தடவித் தடவி அழிக்க வேண்டும். அதற்கு ‘டச்சிங்’ என்று பெயர். வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் போகிற பெண்ணின் படம் என்றால் டச்சிங் இரட்டிப்பாக இருக்கும்.

அந்த வினையை நானே அறுவடை செய்தேன். நோர்வேக்கு வந்து சில வருடங்களில் எனக்கும் ஒரு படம் வந்தது, வேறொரு ஸ்டூடியோக்காரன் எடுத்தது. பார்த்தேன், பிடித்தது, சம்மதித்தேன். விமான நிலையத்தில் பூங்கொத்தோடு நின்ற என்னை ஒரு பெண் மூன்று தரம் கடந்து போனாள். நான் படத்தில் இருந்த வெள்ளைப் பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். அவளோ படத்தில் இருந்த தலைமயிர் நிறைந்த ஆணைத் தேடிக்கொண்டிருந்தாள். என் நெற்றியை நானே பென்சிலால் இரண்டு அங்குலம் குறைத்திருந்தேன். கடைசியில் மண்டபம் காலியாகி நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சியபோதுதான், ‘அப்ப இவர்தான்’ என்று இரண்டு பேருக்கும் விளங்கியது. என் மனைவி மலருக்குக் கன்னத்தில் ஒரு மச்சம் இருக்கிறது. இன்றைக்கும் அந்த மச்சத்தைக் காட்டி, “இதை ஆர் அழிச்சது? உங்கட ஆக்கள்தானே” என்பாள். 

இவ்வளவு அனுபவப்பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

3

எங்களுக்கு ஒரே மகள், துளசி. பள்ளிக்கூடத்தில் நல்ல கெட்டிக்காரி. மருத்துவம் படிப்பாள் என்று சுற்றம் முழுவதும் முடிவுசெய்து வைத்திருந்தது. அவள் துரொண்ட்ஹெய்முக்குப் போய் விலங்கியல் படித்தாள். பிறகு ஆபிரிக்கக் காட்டுநாய்களைப் பற்றி ஆராய்ச்சி என்று போட்ஸ்வானாவுக்குப் போய்விட்டாள். கோயிலில் ஒருவர் விசாரித்தார்.

“மகள் இப்ப என்ன செய்யிறா?”

“நாயைப் பற்றிப் படிக்கிறா.”

“ஓ, மிருக டொக்டரோ?”

“இல்லை. அதுகள் ஓடுறதைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பா.”

அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். செத்த வீட்டில் அப்படித்தான் அழுத்துவார்கள்.

எனக்கு அவள் படிப்பில் குறையில்லை. பேச்சில்தான் குறை. “சாப்பிட்டியா?” “ஓம்.” “வெயிலோ?” “ஓம்.” “சரி அப்பா, ஹடே.” நொர்வேஜியரின் இந்த ‘ஹடே’ இருக்கிறதே, ‘போட்டு வாறன்’ போல இல்லை. ‘வாறன்’ என்ற பங்கு அதில் கிடையாது, கதவைச் சாத்துவது மாத்திரம்தான்.

இன்னொன்றும் இருந்தது. பன்னிரண்டு வயதில் அவளுக்குச் சாமத்திய வீடு செய்தோம். படம் எடுத்தது நானே. அல்பத்துக்கு ஒரு மாதம் இருந்து வேலை செய்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு டச்சிங் செய்ததில்லை. அவள் அல்பத்தை மடியில் வைத்து முதலிலிருந்து கடைசி வரை பார்த்தாள். “வடிவா இருக்கு அப்பா” என்றாள். மூடி வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு என் கமராவுக்கு முன்னால் அவள் நின்றதே இல்லை. கையை முகத்துக்கு முன்னால் பிடிப்பாள், இல்லாவிட்டால் குசினிக்குள் போய்விடுவாள். இந்த நாட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

போன வருடம் ஒருநாள் அவளே போன் எடுத்தாள். வழமைக்கு மாறாக ‘ஹடே’ வரவில்லை.

“அப்பா, உங்களுக்கு ரெண்டு கிழமை லீவு எடுக்க ஏலுமோ? எங்களோட படம் எடுக்கிறவருக்குக் கால் முறிஞ்சு ஊருக்குப் போட்டார். மழை துவங்க முன்னம் எனக்குப் படம் வேணும். இல்லாட்டி ஒரு வருசம் வீணாப் போயிடும்.”

“ஆரைப் படம் எடுக்கிறது?”

“நாயை. வேற ஆரை?”

அவள் விளக்கினாள். இந்தக் காட்டுநாய்களின் உடம்பில் கறுப்பு, வெள்ளை, மண்ணிறம் எல்லாம் திட்டுத்திட்டாக இருக்கும். ஒன்றுக்கு உள்ளது இன்னொன்றுக்கு இல்லை, எங்கள் கைரேகை மாதிரி. இடப்பக்கம் ஒரு விதம், வலப்பக்கம் வேறு விதம். இரண்டு பக்கமும் படம் இருந்தால்தான் ஒவ்வொரு நாயையும் தனித்தனியே அடையாளம் சொல்லலாம். அவளுடைய கூட்டத்தில் பதினொரு நாய்கள். ஐந்து நாய்களின் வலப்பக்கம் இன்னும் கிடைக்கவில்லை.

முகாமுக்கு வர ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. ‘இதுவரை எந்தெந்த உயிரினங்களைப் படம் எடுத்துள்ளீர்?’ என்று ஒரு கேள்வி. யோசித்துப் பார்த்து, ‘மனிதர்’ என்று எழுதினேன். அடுத்தது, ‘அவை காட்டில் எவ்வாறு நடந்துகொண்டன?’ அதற்கு, ‘சாப்பாட்டு நேரத்தில் கவனம் தேவை’ என்று எழுதினேன். துளசி தலையிலடித்துக்கொண்ட சத்தம் போனில் கேட்டது. ஆனாலும் அனுமதி கிடைத்தது.

மலர் அஞ்சு கிலோ புழுங்கலரிசி கட்டித் தந்தாள், பிள்ளை கஞ்சி குடிக்கட்டும் என்று. அந்த அரிசிப் பைதான் பிறகு ஜீப் யன்னலில் என் கமராவுக்குத் தலையணை ஆனது. அசையாமல் படம் எடுக்க அதைவிட நல்ல சாமான் கிடையாது.

4

இருட்டில் படம் எடுப்பதில் என்னை வெல்ல ஆளில்லை என்ற திமிரோடுதான் போனேன். நவம்பர் மாதம் ஒஸ்லோவில் மூன்றரைக்கே பொழுதுபட்டுவிடும். நான் அதற்குள் பொம்பிளை மாப்பிள்ளையைப் பனிக்குள் நிறுத்திப் படம் எடுத்தவன். ஓமப் புகைக்குள் தாலி கட்டும் கையைத் தவறவிடாதவன். ஆனால் அங்கெல்லாம் என்னிடம் பிளாஷ் இருந்தது. இங்கே முதல் நாளே துளசி என் பையைத் திறந்து பிளாஷை எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

“அதுகளின்ர கண்ணுக்குக் கூடாது.”

முதல் நாள் விடியற்காலை எடுத்த படங்களைப் பார்த்தால் அடுப்புக்கரி. அடுத்த நாள் வெளிச்சத்தைக் கூட்டினேன். கறுப்பு தெரிந்தது, வெள்ளைத் திட்டெல்லாம் எரிந்து போயிற்று. பட்டு வேட்டி கட்டின கறுத்த மாப்பிள்ளையை வெயிலில் நிறுத்தினால் வருகிற அதே தொல்லை. மாப்பிள்ளை என்றால் நிழலுக்கு வரச் சொல்லலாம்.

நாய்களும் மத்தியானம் நிழலுக்குத்தான் வந்தன. அசையாமல் படுத்தும் கிடந்தன. ஆனால் மரத்து இலைகளின் நிழல் முதுகில் திட்டுத்திட்டாக விழுந்து, எது நிழல், எது உடம்பு என்று தெரியவில்லை. “இது பாவிக்க ஏலாது அப்பா” என்று முந்நூறு படங்களைத் துளசி ஒரே தட்டில் ஒதுக்கினாள். மிச்சம் இருப்பது விடியலில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். ஒஸ்லோவில் கோடை மாலை, வாசலில் நின்று மணிக்கணக்காகக் கதைக்கிற தமிழ் விருந்தாளி மாதிரி, போகவே போகாது. அங்கோ சூரியன் எங்கள் ஊரில் போலப் பொத்தென்று விழுந்துவிடுகிறது. இப்படியும் பொழுதுபடும் என்பதையே நான் மறந்து போயிருந்தேன்.

ஜீப்பை ஓட்டியது துளசி. பஸ் ஓட்டுகிறவனைப் பக்கத்தில் இருத்தி வண்டி ஓட்டுவது லேசான காரியமில்லை. குழி கிடங்கு வரும்போதெல்லாம் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

“அப்பா, காலை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ.”

“நான் சும்மாதான் இருக்கிறன். கால்தான்...”

பழக்கதோஷம் காலில் மட்டும் இல்லை. முதல் நாய் புல்லுக்குள்ளிருந்து தலையை நீட்டியபோது நான் விரலைச் சொடுக்கி, “இஞ்சை, இஞ்சை பாருங்கோ” என்றேன். நாய் பார்த்தது. துளசியும் பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

மூன்றாம் நாள் எனக்குச் சூட்சுமம் பிடிபட்டது. வேட்டைக்குப் போகுமுன் இந்த நாய்கள் எழும்பி, ஒன்றையொன்று நக்கி, கீச்சுக்கீச்சென்று கத்தித் துள்ளிக் குதிக்கும். பிறகு தும்மும். ஒன்று தும்ம, இன்னொன்று தும்ம, போதுமான தும்மல் சேர்ந்தால்தான் கூட்டம் புறப்படும் என்று துளசி சொன்னாள். எனக்குத் தாங்க முடியாத சிரிப்பு. வெளிக்கிடும்போது யாராவது தும்மினால் நாங்கள் திரும்பி வந்து, இருந்து, தண்ணி குடித்துவிட்டுப் போகிற சாதி. இதுகள் தும்மாமல் வாசலைத் தாண்டாதாம்!

ஆனால் எனக்கு அது கெட்டிமேளம். தாலி கட்டுமுன் ஐயர் கையை உயர்த்துவார், மேளகாரர் தவிலைத் தோளில் சரிசெய்வார். அந்த நொடியில் கமரா தயாராக இருக்க வேண்டும். இங்கே நாலாவது தும்மலில் கமராவைக் கண்ணில் வைத்தேன். வெள்ளை எரியாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்தேன். கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும் என்று விட்டேன். நாய்கள் ஒவ்வொன்றாக ஒரு கறையான் புற்றுக்குப் பக்கத்தால் போக, வலப்பக்கம் எங்களுக்கு நேராக வந்தது. அன்றைக்கே மூன்று நாய் கிடைத்தது. அடுத்த நாள் ஒன்று.

மிச்சம் ஒன்று, பெயர் திராமன். ஆராய்ச்சிக்காரர் அந்தக் கூட்டத்து நாய்களுக்கு நோர்வே நகரங்களின் பெயரை வைத்திருந்தார்கள். திராமன் துளசியின் செல்லம். அவள் அங்கே போன முதல் வருடமே அதன் வலது காதைக் கழுதைப்புலி ஒன்று பாதிக்குக் கிழித்துவிட்டதாம். இரண்டு கிழமையாக அதைக் காணவில்லை. துளசி அதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் புல்லுக்குள் ஒவ்வொரு தலையாக எண்ணினாள். புல் உயரம், எண்ணிக்கை ஒரு நாளும் பதினொன்றுக்கு வரவில்லை.

5

ஆறாம் நாள் விடிய, சூரியன் எங்களுக்கு எதிரில் எழும்புகிறது. புழுதி பொன்னாகப் பறக்கிறது. அதற்குள்ளிருந்து ஒரு நாய் புற்றின்மேல் ஏறி, வலப்பக்கத்தைக் காட்டி நின்றது. எதிர்வெளிச்சத்தில் அது வெறும் நிழல். அனுபவத்தை நம்பிக் கணக்குப் பார்த்துத் தட்டினேன். ஐந்து படம். நாய் போய்விட்டது. துளசி மற்றப் பக்கத்து யன்னலால் கூட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தாள், அதைப் பார்க்கவில்லை.

மத்தியானம் அவள் படுத்திருக்க, நான் கூடாரத்தில் கொம்பியூட்டரைத் திறந்தேன். நிழலுக்கு வெளிச்சம் கூட்டினால், உள்ளே என்ன ஒரு படம்! புழுதியும் ஒளியும் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. மகளுக்கு இதைக் கொடுத்து அசத்த வேண்டும் என்று நினைத்தேன். குறுக்கே கிடந்த புல்லை அழித்தேன். முதுகுத் திட்டில் கை வைக்கவில்லை, அவள் சொன்னது நினைவிருந்தது. ஆனால் காது ஒரு மாதிரிக் கோணலாக இருந்தது. முப்பது வருடப் பழக்கம். கை தன் பாட்டில் போய் அதை ஒட்டிவிட்டது. நான் யோசிக்கக்கூட இல்லை.

துளசி எழும்பி வந்து பார்த்தாள். வாயில் கை வைத்தாள்.

“அப்பா! இந்த வலப்பக்கத் திட்டு எங்கட மற்றப் பத்து நாயிலயும் இல்லை, திராமனுக்கோ காது பாதிதான்! இது புதுசு! வெளியில இருந்து வந்திருக்கு!”

என் கழுத்தைக் கட்டிப்பிடித்தாள். அவள் என்னைக் கட்டிப்பிடித்து எத்தனை வருடம்! பிறகு மெதுவாக விலகினாள். திராமன் இருந்தால் வெளி ஆண் நாயைக் கூட்டத்துக்குள் விடாது, புது ஆண் வந்திருந்தால் திராமன் செத்திருக்கும் என்றாள். ஒவ்வொரு நாய்க்கும் ஓர் அடையாள அட்டை வைத்திருந்தாள், அதில் திராமனின் அட்டையை எடுத்து, அடியில் ‘காணவில்லை’ என்று எழுதினாள். கண் கலங்கியிருந்தது. “நாளைக்கு வைலேடருக்கு எழுதவேணும்” என்றாள். அவளுக்கு வழிகாட்டுகிற பேராசிரியரைத்தான் சொன்னாள்.

அப்போதுதான் என் கை செய்த வேலை எனக்கு உறைத்தது. ஒரு காதை ஒட்டி, ஒரு நாயைக் கொன்று, இன்னொன்றைப் பெற்றுவிட்டேன். சொன்னால் இப்போது கிடைத்த அந்தக் கட்டிப்பிடிப்புப் போய்விடும். சொல்லாவிட்டால் பிள்ளையின் படிப்புப் போய்விடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று பின்னேரம் முழுவதும் நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் விடிய, பாதி வழியில் சொன்னேன்.

“துளசி, ஜீப்பை நிப்பாட்டு.”

“ஏன், வயித்தைக் கலக்குதோ?”

“இல்லை. அந்தப் புது நாய் புதுசில்லை. காதை நான்தான் ஒட்டினனான்.”

“ஒட்டினனீங்களோ? எதால?”

“கொம்பியூட்டரால.”

துளசி பிரேக்கை ஓங்கி மிதித்தாள். பிறகு நொர்வேஜிய மொழியில் கொட்டினாள். இத்தனை வருட பஸ் ஓட்டத்தில் வெள்ளிக்கிழமைக் குடிகாரரிடமும் கேட்காத சொல் இரண்டு அதற்குள் இருந்தது. கடைசியில் தமிழுக்கு வந்தாள்.

“இது ஆராய்ச்சி அப்பா, சாமத்திய வீடில்லை! நான் அதை அனுப்பியிருந்தா பிறகு என்ர ஒரு படத்தையும் ஆரும் நம்பமாட்டினம். விளங்குதோ?”

“விளங்குது பிள்ளை.”

“ஒரிஜினல் எங்கை?”

நல்ல காலம், ஒரிஜினலை நான் ஒருநாளும் அழிப்பதில்லை. கமராவிலேயே இருந்தது. அவள் சின்னத் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காதுக்குப் போனாள். கிழிந்த காது. பாதிக் காதுக்குப் பின்னால் சூரியன்.

“திராமன்” என்றாள். “ஹெரகூட், கடவுளே, அப்பா, திராமன்!” அழுதாள், சிரித்தாள், என் தோளில் நோகக் குத்தினாள். அங்கேயே ஸ்டியரிங்கில் அட்டையை வைத்து, ‘காணவில்லை’யை வெட்டி, கீழே ‘கண்டாச்சு’ என்று எழுதினாள். படம் எடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

நான் மூச்சு விட்டேன். ஆனால் அவள் ஜீப்பை எடுக்கவில்லை.

“எல்லா ஒரிஜினலும் வைச்சிருக்கிறனீங்களோ அப்பா?”

“எல்லாம் இருக்கு. நெகட்டிவை எறியக் கூடாதெண்டு பழகினனாங்கள்.”

“என்ர சாமத்திய வீட்டுப் படமும்?”

“ஓம்.”

அவள் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அந்த அல்பத்தில இருக்கிற வெள்ளைப் பிள்ளை ஆரெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. உங்களுக்கு என்னைப் பிடிக்கேல்லை எண்டுதான் அண்டைக்கு நினைச்சனான்.”

என் பிள்ளையின் முகத்தை நானே அழித்திருக்கிறேன், அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். “பிடிக்காமல் ஒரு மாதம் இருந்து வேலை செய்வனோ?” என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. “பிழை விட்டிட்டன் பிள்ளை” என்று மட்டும் சொன்னேன். தூரத்தில் ஒரு நாய் தும்மியது. அவள் வண்டியை எடுத்தாள்.

6

ஒஸ்லோவுக்குத் திரும்பி வந்து, நிலவறையில் பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடி எடுத்தேன். மலரும் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டாள். திரையில் பன்னிரண்டு வயதுத் துளசி வந்தாள். நல்ல கறுப்பு. இடது புருவத்துக்கு மேலே கொப்புளிப்பான் தழும்பு. பல்லில் கம்பி. ஆலத்தி விளக்கின் வெளிச்சம் கன்னத்தில் விழ, யாரையோ பார்த்து வாய் முழுக்கச் சிரிக்கிறாள். அது எந்த டச்சிங்காலும் வராத படம்.

“இவ்வளவு வடிவான பிள்ளையை என்னத்துக்கப்பா வெள்ளையடிச்சனீங்கள்?” என்றாள் மலர். தன் மச்சத்தையும் ஒருக்கால் தொட்டுக் காட்டினாள்.

ஒன்றிலும் கை வைக்காமல் பெரிதாக அச்சடித்து, மகள் துரொண்ட்ஹெய்முக்குத் திரும்பிய கிழமையே அனுப்பினேன். நாலு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள், நான் பஸ்ஸைக் கடைசித் தரிப்பில் நிறுத்தியிருந்தபோது போனுக்கு ஒரு படம் வந்தது. அவளுடைய அறைச் சுவர். திராமன் ஒரு பக்கம், அவள் மறுபக்கம். அவளுடைய படத்துக்குக் கீழே, நாய்களுக்கு இருப்பது போலவே ஓர் அட்டை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த குண்டுக் கையெழுத்து.

பெயர்: துளசி. அடையாளம்: இடது புருவத்துக்கு மேலே தழும்பு. படம் எடுத்தவர்: அப்பா.

கடைசி வரியில் ‘காணவில்லை’ என்று எழுதி வெட்டியிருந்தாள். அதற்குக் கீழே: கண்டாச்சு.